நாலு ரப்பர் கொட்டைகள்

என் கைப்பையில் இரண்டு சுருக்குப் பைகள் எப்போதும் கிடக்கும். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். ஒவ்வொன்றிலும் இரண்டு ரப்பர் கொட்டைகள். நிக்கோபாரின் கட்சால் தீவில் எங்கள் பழைய குடியிருப்புக்குப் பின்னால் பொறுக்கியவை. நான்கில் இரண்டுக்குச் சிவப்பு நகப்பூச்சு தடவி, பைக்கு ஒன்றாகப் போட்டு வைத்திருக்கிறேன். விமான நிலையத்தில் என் பையைத் துழாவும் பெண்கள் இது ஏதோ மந்திர சமாச்சாரம் என்று என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பாடம் நடத்தும் சாமான் என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்.

போர்ட் பிளேரில் ஒரு நர்சிங் கல்லூரியில் மகப்பேறு பாடம் எடுக்கிறேன். மரபியல், கருத்தரிப்பு, கரு வளர்ச்சி என்றுதான் பாடம் தொடங்கும். புத்தகம் இங்கிலீஷ், விளக்கம் ஹிந்தி, திட்டுவது மட்டும் தமிழ். வகுப்பில் பெங்காலி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரப் பெண்கள், இரண்டு நிக்கோபாரிகள் எல்லாரும் உண்டு. தமிழில் திட்டினால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் புரியும், மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

கொட்டை விளையாட்டு மரபியல் வகுப்புக்கானது. நீலப் பை அப்பா, மஞ்சள் பை அம்மா. இருவர் உடம்பிலும் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் ஆளுக்கு ஒரு சிவப்புக் கொட்டையை உள்ளே வைத்திருக்கிறார்கள், அது அவர்களுக்கே தெரியாது. பிள்ளை இரண்டு பையிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு வருகிறது. ஒரு சிவப்பு வந்தால் அதுவும் அப்பா அம்மாவைப் போலத்தான், சுமந்துகொண்டே நன்றாக இருக்கும். இரண்டும் சிவப்பாக வந்தால் தலசீமியா. உடம்பில் ரத்தம் ஊறி நிற்காது, சாகிறவரை அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு வாய்ப்பு நாலில் ஒன்று.

எல்லா பேட்சும் ஒரே இடத்தில்தான் வழுக்கும். ஒருத்தி வந்து எடுப்பாள். இரண்டும் சிவப்பாக வரும், அதை மேசையில் வைப்பாள். பிறகு பைகளில் மிச்சம் இருப்பதை எடுப்பாள், இரண்டும் சுத்தமாக வரும். "தூஸ்ரா பச்சா டீக் ஹே, மேடம்" என்பாள், அடுத்த பிள்ளை நன்றாக இருக்கிறது என்று. வகுப்பே தலையாட்டும். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கும் வராது என்று பரீட்சையிலும் எழுதி வைப்பார்கள். எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பையில் எல்லாக் கொட்டையும் இருக்கும் என்று தொண்டை வற்றக் கத்துவேன். பைக்கு ஞாபகம் கிடையாது என்றும் சொல்வேன். அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அதன்பிறகு கரும்பலகையில் குடும்ப வரைபடம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு நடுவில் ஒரு கோடு. சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. நான் ஒரு வட்டத்தை அவளுடைய அம்மாவின் தம்பியோடு இரட்டைக் கோட்டால் சேர்ப்பேன். உடனே பின் பெஞ்சில் கசமுசா கிளம்பும். போன வருடம் ஒரு பெங்காலிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு, "மாமா சே ஷாதி, மேடம்?" என்று கேட்டாள், மாமனோடு கல்யாணமா என்று. அவர்களுக்கு அம்மாவின் தம்பி அப்பாவுக்குச் சமம். அவனைக் கட்டுவது என்றால் குமட்டும். நமக்கோ அது முறை, உரிமை. கொடுக்காவிட்டால் மாமன் கோபித்துக்கொண்டு பந்தலுக்கே வரமாட்டான். பெரார்கஞ்சிலிருந்து வரும் தமிழ்ப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள் போல.

பலகையில் இருந்த அந்த வட்டம் நான்தான். சாயங்காலத்துக்குள் சீனியர் பிள்ளைகள் இவர்கள் காதில் ஓதிவிடுவார்கள், மறுநாள் எல்லாரும் என்னை வேறு மாதிரி பார்ப்பார்கள். எனக்கு அது பழகிவிட்டது.

எங்கள் ஆட்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கட்சாலில் ரப்பர் பால் வெட்ட வந்தவர்கள். அம்மா சின்னப் பிள்ளையாக வந்தாள். அவளுடைய கடைசித் தம்பி தீவில் பிறந்தவர். நான் பிறந்தபோது அவருக்கு டவுசர் வயது. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் திரிந்தவர் அவர்தான். கொட்டை வெடித்துச் சிதறும் பருவத்தில் எனக்குப் பொறுக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

சுனாமி வந்த காலையில் அப்பாவும் என் தம்பியும் கடலோரத்துக்குப் போயிருந்தார்கள். அம்மாவின் மற்ற கூடப்பிறந்தவர்களும் அங்கேதான். யாருடைய உடம்பும் கிடைக்கவில்லை. முகாமில் அம்மா, மாமா, நான் மூவரும் ஒரே தார்ப்பாய்க்கு அடியில் இருந்தோம். அம்மா அழவில்லை. "மிஞ்சினது மூணு பேரு. இனி யாரும் யாரையும் விட்டுப் போகக் கூடாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கப்பலில் போர்ட் பிளேர் வந்து லம்பா லைனில் ஒரு தகர வீட்டில் குடியேறினோம். மாமா துறைமுகத்தில் கப்பல் கயிறு வாங்கிக் கட்டும் வேலைக்குப் போய் என்னை நர்சிங் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் அம்மா என்னை அவருக்கே கட்டி வைத்தாள். வெளியில் கொடுத்தால் பெண் போய்விடும், வெளியிலிருந்து எடுத்தால் தம்பி போய்விடுவான் என்பது அவள் பயம். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் என்ன ஆகும் என்று பரீட்சையில் ஒரு பக்கத்துக்கு எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். அடுத்த வருடமே கழுத்தை நீட்டினேன். மறுத்துச் சொல்ல எனக்குத் தோன்றக்கூட இல்லை.

மாமா நல்லவர். இதை எழுதும்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. குடிகாரராக, கை நீட்டுகிறவராக இருந்திருந்தால் யார்மேலாவது கோபப்பட்டிருக்கலாம். நாங்கள் பிரியாமல் இருக்கவேண்டும் என்று செய்த காரியம் எங்களுக்குள்ளேயே இருந்த சிவப்புக் கொட்டைகளை ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்தது. இதில் யாரைத் திட்டுவது.

மகள் பிறந்து ஆறு மாதம்வரை கொழுகொழுவென்று இருந்தாள். பிறகு வெளிறினாள், வயிறு உப்பியது, பால் குடிக்கவே மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், பிறகு எனக்கும் மாமாவுக்கும் எடுத்தார்கள். கேட்டு வாங்கி அம்மாவுக்கும் எடுக்க வைத்தேன். அவளிடமும் இருந்தது. அவளுக்குப் புரிவதற்காகக் கொட்டைகளை வைத்துக் காட்டினேன். மஞ்சள் பையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்கிட்டயிருந்து ஒனக்கு வந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவனுக்கும் எங்க வீட்டுலயிருந்துதான் வந்துச்சா?" அதற்கும் ஆமாம். அன்றைக்குப் பிறகு அவள் அந்தப் பைகளைத் தொட்டதில்லை.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மாதம் தவறாமல் ரத்தம் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் படி ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். ஊசி போட நரம்பு கிடைப்பதில்லை. "இந்தக் கை வேணாம் ஆன்ட்டி, அதுல போன வாட்டியே வரல" என்று நர்சுக்கு அவளே வழி சொல்வாள். அந்த நேரத்தில் நான் வராந்தாவில் நிற்பேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்ட கை என்னுடையது, என் பிள்ளைக்குப் போடுவதைப் பார்க்க முடியவில்லை. உள்ளே அவள் கையைப் பிடித்துக்கொள்வது மாமா.

அடுத்த பிள்ளை வேண்டும் என்று முதலில் சொன்னவரும் மாமாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு என் கைப்பையிலிருந்து அந்த இரண்டு பைகளையும் எடுத்துத் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் சிவப்பைத் தேடி எடுத்து வெளியே வைத்தார்.

"இது நம்ம பாப்பா. வந்தாச்சு. இப்ப எடு, பாப்போம்."

"அதைத் திரும்பப் போடுங்க மாமா. போட்டுட்டுத்தான் எடுக்கணும்."

"ஏன் போடணும்? நாலுல ஒண்ணுன்ன. அந்த ஒண்ணு வந்துருச்சு. அவ்வளவுதான், மிச்சம் மூணும் நல்லது."

"அப்படி இல்ல மாமா. ஒவ்வொரு வாட்டியும் புதுசா நாலுல ஒண்ணு."

அவர் சிவப்புக் கொட்டைகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "வந்த புள்ளய எப்பிடி புள்ள திரும்பப் போடுறது?" என்றார்.

அவருடைய தப்பு எனக்குத் தெரியும். வருடா வருடம் அதற்குச் சைபர் போடுகிறவள் நான். ஆனாலும் அந்த மத்தியானம் அவர் சொன்னது சரியாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். நாலில் மூன்று நல்லதுதானே என்று நானும் எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் வயிற்றில் இருப்பது ஒன்றே ஒன்று, அதற்கு முக்கால் பங்கு நோயில்லாமல் இருக்க முடியாது.

நாள் தள்ளியதும் மெயின்லேண்ட் போக ஏற்பாடு செய்தோம். இங்கே அந்தச் சோதனை கிடையாது. நஞ்சுக்கொடியில் ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்து, இந்தக் கரு எந்தக் கொட்டைகளோடு வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கென்று ஒரு பருவம் உண்டு, முந்தியும் எடுக்கக் கூடாது, பிந்தியும் போகக் கூடாது. மழை பிடித்து விமானங்கள் ரத்தாகிக்கொண்டிருந்தன. லம்பா லைன் வீட்டு வாசலில் நின்றால் இறங்கும் விமானம் தலைக்கு மேலேயே போகும். அந்த வாரம் முழுக்க நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு வழியாகச் சென்னை போய்த் துணுக்கைக் கொடுத்துவிட்டு, முடிவு போனில் வரும் என்று திரும்பினோம். மகளிடம் எதையும் சொல்லவில்லை.

அப்போது வகுப்பில் கரு வளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. லேப் அலமாரியில் பிளாஸ்டிக் கருக்கள் வரிசையாக நிற்கும். பட்டாணி அளவில் தொடங்கி முழுப் பிள்ளைவரை. ஒவ்வொரு நாளும் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துப் பாடம் சொல்வேன். இதற்கு இதயம் துடிக்கிறது. இதற்கு விரல் பிரிந்துவிட்டது. இதற்கு இமை மூடியிருக்கிறது. என் வயிற்றில் இருந்தது எந்த பொம்மைக்கு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த பொம்மையை எடுக்கும் நாளில் மட்டும், மாணவி ஒருத்தியைவிட்டு எடுத்துவரச் சொன்னேன். துணியில் சுற்றிய சாமான் மாதிரி ஜாக்கிரதையாகக் கொண்டுவந்தாள். நகம் முளைக்கத் தொடங்கும் பருவம் அது.

அந்த வகுப்பின் நடுவில்தான் போன் வந்தது. வராந்தாவுக்குப் போய் எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண், மரியாதையான குரல். "நீங்களும் நர்சிங் லைன்ல இருக்கீங்க சிஸ்டர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல" என்று தொடங்கினார். அதற்குமேல் கேட்காமலே தெரிந்துவிட்டது. நல்ல சேதியை யாரும் இப்படித் தொடங்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் வந்திருக்கிறது என்றார். சரி என்றேன். ரிப்போர்ட் அனுப்புகிறேன் என்றார். அதற்கும் சரி என்றேன்.

திரும்பி வகுப்புக்குள் போனேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. பெரார்கஞ்ச் பெண் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டாள். "தலசீமியா இருக்கிற குழந்தைக்கு உள்ள இருக்கும்போதே கஷ்டம் தெரியுமா மேடம்?" அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் ஹிந்தியில், எல்லாருக்கும் புரிகிற மாதிரி பதில் சொன்னேன். வயிற்றுக்குள் இருக்கும்போது பிள்ளையின் ரத்தம் வேறு வகை. முதலில் கருப்பைக்குள் ஒரு பையிலும், பிறகு ஈரலிலும் ஊறும், கடைசியில் எலும்புக்குள். அந்த ரத்தத்துக்கு இந்த நோய் ஒன்றும் செய்யாது. பிறந்து சில மாதம் கழித்து, அந்த ரத்தம் போய்ப் பெரியவர்கள் ரத்தம் ஊறவேண்டிய நேரத்தில்தான் எல்லாம் ஆரம்பிக்கும். "உள்ளே இருக்கும்வரை அதற்கு ஒரு குறையும் கிடையாது" என்று சொல்லி முடித்தேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "வச்சுக்குவோம்" என்றாள். "எப்பிடி இருந்தாலும் நம்ம புள்ள. நான் பாத்துக்கிறேன். நம்மகிட்ட இருக்கிறதே நாலு பேரு. இன்னொண்ணையும் வாரிக் குடுக்கச் சொல்றியா?" கடல் கொண்டுபோனதைப் பற்றி அவள் அவ்வளவு வருடம் கழித்துப் பேசியது அன்றுதான். அவள் இழந்தவர்களைக் கணக்கு வைத்துப் பேசினாள், நான் படித்ததைக் கணக்கு வைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாமா சுவரில் சாய்ந்து நின்றார். "அக்கா, பாப்பாவுக்கு ஊசி குத்தும்போது நீ வூட்டுல இருக்க. இவ வெளிய நிக்கிறா. நான்தான் கையப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். பாப்பா என்னைப் பாக்குற பார்வைய நீங்க ரெண்டு பேரும் பாத்ததில்ல." சுவரிலிருந்து நிமிர்ந்தார். "இன்னொரு கைய என்னால பிடிக்க முடியாதுக்கா."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் எடுத்து வளர்த்த தம்பி, அவளே மருமகனாக்கிக்கொண்டவர். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. என்னிடம் வேறு பேச்சும் பல நாள் பேசவில்லை.

மறுபடியும் சென்னை. சட்டத்தில் இடம் இருக்கிறது, காரணமும் காகிதத்தில் இருக்கிறது, யாரும் எங்களைக் கேவலமாக நடத்தவில்லை. ஸ்கேன் அறையில் திரையை என் பக்கம் திருப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். திருப்பவில்லை. ஆனால் திரையைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். இந்த வாரத்தில் அது கையை வாய்க்குக் கொண்டுபோகும், கால் நீட்டும். எத்தனையோ பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்த வரிகள். என் வாழ்க்கையில் நான் படித்த படிப்பை வெறுத்தது அந்த ஒரு மணி நேரம்தான். ஒரு குறையும் இல்லாமல் இருக்கும்போதே அதை அனுப்பிவிட்டோம். அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

ஊர் திரும்பியது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பிளேனிலிருந்து இறங்கி நடந்தே வந்துவிடும் தூரம்தான் வீடு. மாமா என் கைப்பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார். மகள் வாசலிலேயே இருந்தாள். அன்றைக்குக் காலையில் தான் கீழே விழாமல் ஸ்கிப்பிங் ஆடியதைச் சொன்னாள், என்ன வாங்கி வந்தீர்கள் என்று கேட்டாள். பதில் வருவதற்குள் கைப்பையைத் திறந்து பார்த்தாள். சுருக்குப் பைகளை அவிழ்த்து, நான்கு கொட்டைகளையும் தரையில் உருட்டிவிட்டு விளையாடத் தொடங்கினாள். நான் பாயில் படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் சலித்துப்போய் எழுந்து என் அம்மாவிடம் போனதும், மாமா வந்து உட்கார்ந்தார், நான் அவர் பக்கம் திரும்பினேன். சிவப்பு ஒன்று கட்டிலுக்கு அடியில் ஓடியிருந்தது. கையை விட்டுத் துழாவி எடுத்தார், தூசியை வேட்டியில் துடைத்தார். அதை நீலப் பைக்குள் போட்டார். மற்ற சிவப்பை மஞ்சள் பைக்குள் போட்டார். நல்லதுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கயிற்றைச் சுருக்கினார். நான் சொல்லாமலே செய்தார்.

"திரும்பப் போட்டாச்சு புள்ள" என்றார்.

முடிச்சைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இனி எடுத்தா என்ன வரும்?"

"அதேதான் மாமா. நாலுல ஒண்ணு."

அவர் பைகளை மடியிலேயே வைத்திருந்தார். வெளியே அம்மா மகளைத் தலைவாரக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு புள்ளைக்கும் சேத்து நாம பட்டது எதுவும் அதுக்குக் கணக்குல வராதா?"

வகுப்பில் இதற்குப் பைக்கு ஞாபகம் கிடையாது என்று சொல்வேன், எல்லாரும் சிரிப்பார்கள்.

"வராது மாமா" என்றேன்.